பழனியைக் கொன்றது கடலா?

கரையிலே இருப்பவள் கற்போடு இருந்தால்தான் கடலிலே இருப்பவன் உயிரோடு இருப்பான்! அவள் உள்ளம் ஒரு நொடி தடுமாறினால் அங்கே அலை வாய் பிளக்கும், சுழி இழுக்கும், சுறா வளைக்கும், கணவன் மாள்வான்! இப்படி ஒரு சட்டம் இருக்கிறதாம். இயற்றியவர் யார்? எந்த மன்றத்திலே நிறைவேற்றினார்கள்? ஏடும் இல்லை, எழுத்தும் இல்லை. ஆனால் தண்டனை மட்டும் தவறாமல் உண்டு! விதித்தவன் ஆண், அடங்க வேண்டியவள் பெண், தண்டிக்கும் காவலன் கடல்! கேட்பதற்கு எவ்வளவு கவர்ச்சி! எண்ணிப் பார்த்தால் எவ்வளவு கொடுமை!

இந்தச் சட்டத்தின்மீது எழுப்பப்பட்ட மாளிகைதான், தகழி சிவசங்கரப் பிள்ளை மலையாளத்திலே 1956-இல் வெளியிட்ட ‘செம்மீன்’ என்னும் நாவல். 1957-இல் அதற்குச் சாகித்திய அகாதமி பரிசளித்தது. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பால் தமிழுக்கு வந்தது. 1965-இல் ராமு காரியாட் அதைத் திரைப்படமாக்கினார்; குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. ஏட்டிலே படித்தவர் பலர். திரையிலே பார்த்துக் கண்ணீர் உகுத்தவர் அதனினும் பலர். கண்ணீர் உகுத்தார்களே தவிர, அந்தக் கண்ணீருக்குக் காரணம் யார் என்று கேட்டவர் எத்தனை பேர்?

எங்கள் வகுப்பிலே அந்தக் கேள்வி எழுந்தது. நாங்கள் வடசென்னை மாணவர்கள். இராயபுரத்திலிருந்து வருபவர் உண்டு. திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வருபவர் உண்டு. ஒருவரின் தந்தை துறைமுகத்திலே சரக்கு இறக்குபவர்; இன்னொருவரின் தந்தை ஆலைச் சங்கு ஊதும் நேரத்துக்கு எழுந்து ஓடுபவர்; மற்றொருவரின் தந்தை விசைப்படகிலே ஆழ்கடலுக்குப் போகிறவர். காசிமேட்டு ஏலத்திலே மீன் எடுத்து, தலைச்சுமையாகச் சுமந்து, தெருத்தெருவாக விற்று மகளைப் படிக்கவைக்கும் தாயும் உண்டு. இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்த நாங்கள் நாவலைப் படித்துவிட்டு, மூன்று மாலைகள் அமர்ந்து வாதிட்டோம். அந்த வாதத்திலே எழுந்த எண்ணங்களையே இங்கே எடுத்துரைக்கிறேன்.

முதலில் கதைச் சுருக்கம். செம்பன்குஞ்சு என்னும் கடலோடிக்குச் சொந்தமாக வள்ளமும் வலையும் வேண்டும் என்று ஆசை. கையிலே காசு இல்லை. பரீக்குட்டி என்னும் இளம் வணிகனிடம் உதவி பெறுகிறான். பரீக்குட்டி இசுலாமியன். அவனும் செம்பன்குஞ்சின் மகள் கருத்தம்மாவும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். தாய் சக்கி மகளை அழைத்து, கடலம்மாவின் சட்டத்தைச் சொல்லி அச்சுறுத்துகிறாள். வள்ளம் வந்தது, வளம் வந்தது, வாங்கிய கடன் மட்டும் திரும்பவில்லை. வணிகன் நொடித்தான். உற்றார் உறவினர் இல்லாத பழனி என்னும் கடலோடிக்குக் கருத்தம்மாவை மணமுடித்து, வேற்றூர்க் கரைக்கு அனுப்பினார்கள். அங்கே அவளுடைய பழங்காதலைப் பற்றிய பேச்சு பரவியது. இறுதியில் ஓர் இரவு. பழனி தனியாகத் தூண்டிலோடு கடலுக்குப் போகிறான். பெருஞ்சுறா ஒன்று அவனைச் சுழியிலே இழுத்துச் செல்கிறது. அதே இரவிலே பரீக்குட்டியும் கருத்தம்மாவும் கரையிலே சந்திக்கிறார்கள். பின்னர், தழுவிய நிலையிலே இருவர் உடலும் கரை ஒதுங்குகின்றன. எஞ்சியது ஒரு பெண் குழந்தை!

கதை முடிந்தது. எங்கள் வாதம் தொடங்கிற்று.

ஒரு தோழர் எழுந்தார். “என்ன அழகான துன்பியல்! அழகைச் சுவைக்க வேண்டும், அறுத்துப் பார்க்கக் கூடாது” என்றார். இரண்டாமவர் எழுந்தார். “அது மீனவ மக்களின் நம்பிக்கை. கடலோடு போராடுகிறவர்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை தேவைப்படுகிறது. அதைக் குறை கூற நாம் யார்?” என்றார். மூன்றாமவர் பெருமூச்சு விட்டார். “எல்லாம் விதி” என்று முடித்தார்.

அப்போது காசிமேட்டிலிருந்து வரும் தோழி ஒருவர் எழுந்தார். அவர் நெடுநேரம் பேசவில்லை. “அந்தக் கதையிலே சுறாவைவிட என்னை அச்சுறுத்தியது கரையிலே நின்ற வாய்கள்தான்” என்றார். அமர்ந்துவிட்டார்.

தோழர்களே! அந்த ஒரு சொல்லிலேதான் நாவலின் திறவுகோல் இருக்கிறது. திறந்து பார்ப்போம்.

பழனி தனியாகக் கடலுக்குப் போனது ஏன்? கடல் தொழில் தனியாள் தொழிலா? வள்ளம் என்றால் பலர் கூடி வலிக்க வேண்டும். பலர் கூடி வலையிட வேண்டும். பலர் கூடி இழுக்க வேண்டும். பழனியோ கடலோடுவதிலே வல்லவன். அத்தகையவனைத் தனியாகத் துரத்தியது எது? தோழர்களின் அச்சம்! அவன் மனைவியைப் பற்றி ஊர் பேசியது. அப்படிப்பட்டவளின் கணவனோடு ஒரே வள்ளத்திலே ஏறினால், அவனை விழுங்க வரும் கடல் தங்களையும் விழுங்கும் என்று அஞ்சினார்கள். ஒதுக்கினார்கள். ஒதுக்கப்பட்டவன் என்ன செய்வான்? பட்டினி கிடப்பானா? சிறு படகைத் தேடினான், தூண்டிலை எடுத்தான், எல்லோரும் உறங்கும் இரவிலே துணையின்றிப் போனான்.

இதைக் கவனியுங்கள்: அவன் ஒதுக்கப்பட்ட நாளிலே கருத்தம்மா செய்த குற்றம் என்ன? எதுவும் இல்லை! கணவன் வீட்டிலே உழைத்தாள்; மீன் விற்றாள்; குழந்தை பெற்றாள்; வளர்த்தாள். நெஞ்சின் ஒரு மூலையிலே பழைய அன்பு இருந்தது. நெஞ்சைக் குடைந்து பார்க்கும் உரிமை எந்தக் கரைக்கு உண்டு? அவள் பரீக்குட்டியைத் தழுவியது, பழனி தனியாகக் கடலில் இறங்கிய பிறகு நடந்த நிகழ்ச்சி. தண்டனை முன்னே போயிற்று. ‘குற்றம்’ பின்னே வந்தது! எந்த நாட்டு நீதிமன்றத்திலே இப்படி ஒரு விந்தை நடக்கும்?

பழனியின் பக்கத்திலே நான்கு பேர் இருந்திருந்தால்? தூண்டில் கயிற்றை அறுத்துவிட ஒரு கை, துடுப்பு வலிக்க ஒரு கை, “சுழி வருகிறது, திரும்பு!” என்று சொல்ல ஒரு வாய். இவை இருந்திருந்தால் அவன் பிழைத்திருக்கக்கூடும். இவற்றைப் பறித்தது கடலா? இல்லை. கடலின் பெயரால் கரை பறித்தது! நம்பிக்கை வதந்தியைப் பெற்றது. வதந்தி ஒதுக்கலைப் பெற்றது. ஒதுக்கல் தனிமையைப் பெற்றது. தனிமை சாவைப் பெற்றது. பிறகு அதே நம்பிக்கை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து, “பார்த்தீர்களா, நான் சொன்னது பலித்தது!” என்கிறது. கொன்றவனே சாட்சி சொல்கிறான். சாட்சி சொன்னவனே தீர்ப்பும் எழுதுகிறான்!

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அந்தக் கரையிலே மெய்யாகவே ஒரு குற்றம் நடந்தது. வாங்கிய கடனைத் திருப்பித் தராமல், நம்பிக் கொடுத்த இளைஞனை நடுத்தெருவில் நிறுத்தினான் செம்பன்குஞ்சு. அதற்காகக் கடலம்மா சீறினாளா? ஓர் அலையாவது எழுந்ததா? வள்ளம் கவிழ்ந்ததா? கிடையாது! அவனுக்கு மீன்பாடு பெருகிற்று. வள்ளம் ஒன்று இரண்டாயிற்று. கடனைக் கொடுத்துவிடுங்கள், கொடுத்துவிடுங்கள் என்று மன்றாடியவள் யார்? அதே கருத்தம்மா! ஏமாற்றிய தந்தை கடலுக்கு நல்லவன். ஏமாற்றாதே என்று கெஞ்சிய மகள் கடலுக்குக் கெட்டவள்! பணக்கணக்கைப் பாராத கடல், பெண்ணின் மனக்கணக்கை மட்டும் பார்க்கிறதாம்! அந்தக் கடலுக்குக் காது இல்லை, கண் இல்லை. அதன் பெயரால் பேசுகிறவனுக்குத்தான் வாய் இருக்கிறது என்பது இப்போது புரிகிறதல்லவா?

“மக்களின் நம்பிக்கை, குறை கூறாதே” என்றாரே இரண்டாம் தோழர், அவருக்கு மறுமொழி என்ன? எந்த மக்கள் என்பதே நம் கேள்வி. கேரளத்துக் கடற்கரையான செறியழீக்கலிலே, அரயர் குடியிலே பிறந்தவர் டாக்டர் வேலுக்குட்டி அரயன். மருத்துவம் கற்றவர். 1917-இலேயே ‘அரயன்’ என்னும் இதழைத் தொடங்கித் தம் மக்களின் முன்னேற்றத்துக்காக முழங்கியவர். ‘செம்மீன்’ வெளிவந்ததும், அதன்மீது தனியாக ஒரு திறனாய்வு நூலே எழுதினார். தம் மக்களை அந்த நாவல் காட்டிய முறையை மறுத்தார். ஆக, கடற்கரை மக்கள் எல்லோரும் ஒரே குரலில் ஆமென்று சொல்லவில்லை. அவர்களுக்குள்ளே இருந்தே அறிவின் குரல் எழுந்தது. அந்தக் குரலை மறைத்துவிட்டு, ‘மக்கள் நம்புகிறார்கள்’ என்று நகரத்திலே அமர்ந்து நாம் சொல்வது அம்மக்களுக்குச் செய்யும் மதிப்பா, இழிவா? படித்தவனுக்கு ஐயம் உரிமை, மீனவனுக்கு அச்சம் உரிமை என்று பங்கு பிரிக்க நமக்கு அதிகாரம் தந்தது யார்?

கேரளக் கரை இருக்கட்டும். நம் கரைக்கு வருவோம். சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் 1870-களிலே கட்டப்படலாயின. நம் கடற்கரையோரமாக, ஆண்டின் பெரும்பகுதி, மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. அந்த மணலின் வழியைத் துறைமுகச் சுவர் மறித்தது. விளைவு என்ன? சுவருக்குத் தெற்கே மணல் குவிந்தது, மெரினா அகன்றது, மாலைக் காற்று வாங்க இடம் கிடைத்தது. சுவருக்கு வடக்கே மணல் வரவில்லை. கடல் கரையைத் தின்றது. இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை, குடிசைகள் போயின, வீடுகள் போயின, தெருக்கள் போயின. கருங்கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவு கட்டினார்கள், இன்னும் கட்டுகிறார்கள்.

கடலம்மாவின் சட்டத்தை நம்புகிற தோழரைக் கேட்கிறேன்: துறைமுகத்துக்குத் தெற்கே வாழ்ந்த பெண்டிர் எல்லோரும் கற்பரசிகள், வடக்கே வாழ்ந்த எங்கள் தாய்மாரும் பாட்டிமாரும் கற்பில்லாதவர்கள் என்றா அலைகள் தீர்ப்பளித்தன? சொல்லத் துணிவு உண்டா? கல்லும் சுண்ணாம்பும் செய்த வேலையைக் கற்பின்மேல் ஏற்றலாமா?

இன்னொரு சான்று, 2004 டிசம்பர் 26. அந்தக் காலையை மறந்தவர் யார்? சுமத்திராவுக்கு அருகே கடலடி நிலம் அதிர்ந்தது; ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. ஆழ்கடலிலே அந்த அலை உயர்ந்து நிற்பதில்லை; கரையை நெருங்கிய பிறகே எழும்பி அறைகிறது. ஆகவே தொலைவிலே கடலில் இருந்த ஆண்களில் பலர் பிழைத்தார்கள். கரையிலே, படகுகள் கொண்டுவரும் மீனை எதிர்பார்த்து நின்ற பெண்களும், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாத தாய்மாரும் மாண்டார்கள். கடலூர் மாவட்டத்திலே இறந்த ஆண்கள் 146, பெண்கள் 391 என்று ஆக்சுபாம் அமைப்பு 2005-இல் எடுத்துக் காட்டிற்று. கடலுக்குப் போனவன் வந்தான், காத்திருந்தவள் போனாள்! இதற்கு யாருடைய கற்பு காரணம்? கணவர்களின் கற்பு கெட்டதால் மனைவிமார் மாண்டார்கள் என்று எந்தக் கிழவராவது சொன்னாரா? சொல்லமாட்டார். அந்தச் சட்டத்துக்கு ஒரே வாசல்தான். அந்த வாசலிலே நிறுத்தப்படுபவள் எப்போதும் பெண்தான்!

இந்த மடமை நமக்கு மட்டும் உரியது என்று நாணி ஒடுங்க வேண்டியதில்லை. வெள்ளையனின் நாட்டிலும் இருந்தது. 1589-இலும் 1590-இலும், ஸ்காட்லாந்து மன்னன் ஆறாம் ஜேம்சும் அவன் மணந்த டென்மார்க்கு இளவரசியும் செய்த கடற்பயணங்களிலே புயல் குறுக்கிட்டது. புயலுக்குக் காரணம் யார்? சூனியக்காரிகள் என்றார்கள்! ஆக்னசு சாம்சன் என்னும் மருத்துவச்சியைப் பிடித்தார்கள், வதைத்தார்கள், ‘ஒப்புக்கொள்ள’ வைத்தார்கள். 1591-இல் கழுத்தை நெரித்து, உடலை எரித்தார்கள். அதனால் புயல் நின்றதா? அந்தத் தீவைச் சூழ்ந்த கடலிலே அடுத்த ஆண்டும் அடித்தது. அதற்கடுத்த ஆண்டும் அடித்தது.

ஆனால் அவர்கள் அங்கேயே நின்றுவிடவில்லை. 1859-இல் ‘ராயல் சார்ட்டர்’ என்னும் கப்பல் வேல்சுக் கரையருகே புயலிலே நொறுங்கி, ஏறத்தாழ 450 பேர் மாண்டனர். அப்போது ராபர்ட் பிட்சுராய் எழுந்தார். டார்வினை உலகம் சுற்ற ஏற்றிச் சென்ற ‘பீகிள்’ கப்பலின் தலைவர் அவர். யாரைக் கொளுத்தலாம் என்று அவர் தேடவில்லை, காற்றழுத்தத்தை அளந்தார், தந்தி வழியாகத் துறைமுகங்களுக்குச் செய்தி அனுப்பினார். 1861-இல் புயல் எச்சரிக்கை பிறந்தது. பெண்ணை எரித்த காலத்துக்கும் புயலை அளந்த காலத்துக்கும் இடையே 270 ஆண்டுகள். அந்த 270 ஆண்டுகளின் பெயர்தான் பகுத்தறிவு!

நம் துறைமுகத்திலும் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். முதலாம் எண், இரண்டாம் எண் என்று வானொலி சொல்கிறது, தொலைக்காட்சி சொல்கிறது. கூண்டு ஏற்றுவதற்கு முன்னால் குப்பம் குப்பமாகப் போய்ப் பெண்களின் நடத்தையை யாரும் விசாரிப்பதில்லை. வங்கக் கடலின் காற்றழுத்தத்தைத்தான் விசாரிக்கிறார்கள். கூண்டை நம்பிக் கரையிலே படகைக் கட்டுகிறவன், அதே மாலை கடலம்மாவின் சட்டத்தையும் நம்பினால், அவன் நெஞ்சிலே இரண்டு நூற்றாண்டுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன என்றுதான் பொருள்.

“சரி, அழகு?” என்று முதலாம் தோழர் மீண்டும் கேட்டார். அழகை நாங்கள் வெறுக்கவில்லை. கடலின் வாழ்வை நம் முன்னோர் இலக்கியத்திலே ஒரு திணையாகவே வகுத்தார்கள். நெய்தல் என்று பெயரிட்டார்கள்; அதன் உரிப்பொருள் இரங்கல் என்றார்கள். கவனியுங்கள்: இரங்கல்! தண்டித்தல் அன்று. போனவனை எண்ணி வருந்துகிறவளின் துயரம்தான் அங்கே பாட்டு. அவளைக் குற்றக் கூண்டிலே ஏற்றுவது பாட்டு அன்று. தகழியும் குறைந்தவர் அல்லர். ஊர் வாய் ஒரு குடும்பத்தை எப்படிச் சுற்றி வளைத்து நெரிக்கிறது என்பதை வரி வரியாகக் காட்டியவர் அவரே. பழனி ஒதுக்கப்பட்டதை மறைக்காமல் எழுதியவரும் அவரே. ஆனால் முடிவிலே, கடல் தீர்ப்பளித்தது போன்ற ஓர் அச்சத்தை வாசகன் நெஞ்சிலே விட்டுச் செல்கிறார். அவர் காட்டிய காரணத்தைக் கண்டுகொண்டு, அவர் விட்டுச் சென்ற அச்சத்தை உதறுவதுதான் படிக்கத் தெரிந்தவனின் வேலை. அழகான உறையிலே இருந்தாலும் கத்தி கத்திதான்! அந்தக் கத்தி யார் கழுத்துக்கு என்று கேட்பது சுவை அறியாமை ஆகுமா?

விதி என்று பெருமூச்சு விட்டாரே மூன்றாம் தோழர், அவர் திருவொற்றியூர்க்காரர். அவருக்கு அவர் ஊர்க் கதையையே நினைவூட்டினோம். சுந்தரர் திருவாரூரிலே பரவையை மணந்தவர். திருவொற்றியூருக்கு வந்தார்; சங்கிலியைக் கண்டார்; உன்னைப் பிரியேன் என்று உறுதி கூறி மணந்தார். பிறகு அந்த உறுதியை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார்; கண்ணொளி இழந்தார் என்கிறது பெரிய புராணம். பிறகு? காஞ்சியிலே ஒரு கண் கிடைத்தது. திருவாரூரிலே மறு கண் கிடைத்தது! பரவையும் மீண்டும் கிடைத்தாள்! ஆணையிட்டுச் சொன்ன சொல்லை மீறிய ஆணுக்குக் கண் போய்க் கண் வந்தது. வாழ்நாளிலே ஓர் இரவு தன் உள்ளம் நாடியவனைத் தழுவிய பெண்ணுக்கோ உயிரே போயிற்று. ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்ற நூலின் முதற் கட்டுரைக்குக் ‘கற்பு’ என்று பெரியார் பெயர் வைத்தாரே, ஏன் என்று இப்போது விளங்கவில்லையா? கற்பு உயர்ந்தது என்றால் இருவருக்கும் பொது ஆக்குங்கள். ஒருவருக்கு விலங்காகவும் மற்றவருக்கு விளையாட்டாகவும் இருப்பது ஒழுக்கம் ஆகாது; ஓரவஞ்சனைதான்.

விதி என்பதும் கடலம்மாவின் சீற்றம் என்பதும் வெறும் அறியாமை மட்டும் அல்ல, தோழர்களே! அவை திரைச்சீலை. அந்தத் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவர்கள் உண்டு. மலையாளத்திலே செம்மீன் என்றால் நம் இறால். எண்ணூர்க் கழிமுகத்திலே இடுப்பளவு நீரிலே நின்று, கையாலேயே இறால் தடவிப் பிடித்து வாழ்ந்த குடும்பங்கள் உண்டு. அந்தக் கழிமுகத்திலே அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது, நீர்வழி தூர்ந்தது. 2017 சனவரி இறுதியிலே எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் கசிந்து, எர்ணாவூர்க் கரை கறுத்தது. வாளி வாளியாக அள்ளினார்கள். 2023 டிசம்பரிலே, மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் இறங்கிக் கொசஸ்தலை ஆற்றையும் கழிமுகத்தையும் மூடியது. படகிலே எண்ணெய், வலையிலே எண்ணெய், மீனிலே எண்ணெய்! மீன்பாடு ஏன் குறைந்தது? எந்த வீட்டுப் பெண் வழுவினாள்? பெண்ணைப் பார்க்கிறவன் புகைபோக்கியைப் பார்க்கமாட்டான். வானத்தை நோக்கிக் கும்பிடுகிறவன் குழாயின் வாயை நோக்கமாட்டான். கும்பிடச் சொல்கிறவனுக்கு அதுவே வேண்டும்!

கடலிலே உயிர் போவதற்கும் காரணம் இருக்கிறது. தடுக்க வழியும் இருக்கிறது. 2017 நவம்பர் இறுதியிலே ஒக்கிப் புயல் குமரியையும் கேரளத்தையும் தாக்கியபோது, பல நாள் முன்னரே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களை எச்சரிக்கை எட்டவில்லை. நூற்றுக்கணக்கான மீனவர் திரும்பவில்லை. தொலைவை எட்டாத கருவியும் காலம் தாழ்ந்த செய்தியும் அங்கே எமன்களாயின. இன்று செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறவும் அனுப்பவும் கருவிகள் உள்ளன. அவை ஒவ்வொரு படகிலும் இருக்கின்றனவா? நாட்டுப்படகிலும் பைபர் படகிலும் போகிறவனுக்கு உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா? இவற்றைக் கேட்பதுதான் கடலோடியைக் காக்கும் விரதம்!

உடல் கிடைக்காத கணவனின் மனைவி நிலையையும் எண்ணுங்கள். 7 ஆண்டுகள் ஒரு செய்தியும் இல்லாமல் போனவரை இறந்தவராகக் கருதலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் பொது விதி. தனி ஆணை பிறந்தாலொழிய, அந்த 7 ஆண்டுகளும் அவள் மனைவியும் அல்லள், கைம்பெண்ணும் அல்லள், இறப்புச் சான்று இல்லை, உதவித்தொகைக்கு அலைச்சல். இந்த அலைச்சலோடு, “நீ ஒழுங்காக இருந்திருந்தால் அவன் வந்திருப்பானே” என்ற பேச்சும் சேர்ந்தால்? எண்ணூரிலிருந்து வரும் ஒரு தோழி தம் அண்டை வீட்டிலே கண்டதைச் சொன்னார். கடலுக்குப் போனவர் மறுநாளும் திரும்பவில்லை. அந்தப் பெண் அடுப்பு மூட்டாமல் வாசலிலே அமர்ந்திருந்தாள். தெருவிலே எழுந்த முதற்பேச்சு படகைப் பற்றி அல்ல, காற்றைப் பற்றி அல்ல, அவளைப் பற்றி! நாவல் ஏட்டோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே தோழர்களே! இந்த நாவலைத் தள்ளி வைக்கச் சொல்லவில்லை. படியுங்கள். கூடிப் படியுங்கள். கடற்கரைப் படிப்பகத்திலே, மீனவ இளைஞர்களோடும் மீன் விற்கும் பெண்களோடும் அமர்ந்து உரக்கப் படியுங்கள். பழனி தனியாகப் போகும் இடம் வரும்போது நிறுத்துங்கள். ஏன் தனியாகப் போகிறான் என்று கேளுங்கள். கடன் ஏன் தண்டிக்கப்படவில்லை என்று கேளுங்கள். ஊர் வாயை அடக்க ஒருவருக்கும் ஏன் துணிவில்லை என்று கேளுங்கள். விடையை நீங்கள் சொல்ல வேண்டாம், அவர்களே சொல்வார்கள். கடலை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் அவர்கள்.

கதையின் முடிவிலே ஒரு பெண் குழந்தை எஞ்சியது என்றேனே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். தாய் இல்லை; தந்தை இல்லை. அவள் வளர்வாள். ஒரு நாள், “என் அப்பா எப்படி இறந்தார்?” என்று கேட்பாள். சக்கி கருத்தம்மாவுக்குச் சொன்ன அதே பழங்கதையை அவளுக்கும் ஒருவர் சொன்னால், அந்தக் கயிறு இன்னொரு கழுத்துக்கு நீளும். “உன் தாய் கெட்டவள் அல்லள், உன் தந்தையைக் கடல் தண்டிக்கவில்லை, கரை கைவிட்டது. நீ வளர்ந்து, யாரையும் தனியாகக் கடலுக்கு அனுப்பாத கரையைக் கட்டு!” என்று ஒருவர் சொன்னால், கயிறு அங்கே அறுந்துவிடும்.

அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்!